குரூப் போட்டோவில் யார் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

முன்னோடிப் பெண் நீதிபதியைப் பற்றிய ஆவணப்படத்தில் இடம்பெற வேண்டியவர் நாயகி மட்டுமா, அவரோடு உழைத்தவர்களுமா? உழைத்தவர்களும்தான் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "இது ஆவணப்படமா, கல்யாண வீட்டு குரூப் போட்டோவா? வந்தவர் போனவரையெல்லாம் நிற்க வைப்பதற்கு?" கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

ஐயா, 2018-இல் வந்த 'ஆர்பிஜி' ஆவணப்படத்தின் நாயகி ரூத் பேடர் கின்ஸ்பர்க், 2020-இல் மறையும்வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1970-களில் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர், பெண்களுக்காக வழக்காடியவர். நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் அவருடைய வாதுரைகளைத் தட்டச்சு செய்தவர் அவருடைய செயலாளர் அம்மா. பக்கத்துக்குப் பக்கம் 'செக்ஸ்' என்ற சொல். ஆங்கிலத்தில் ஆண், பெண் என்ற பாகுபாட்டுக்கும் அதே சொல், மற்றதற்கும் அதே சொல். அந்த அம்மா தட்டினார், தட்டினார், பொறுத்துப் பொறுத்துத் தட்டினார். கடைசியில் கேட்டே விட்டார். "உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்பது ஆண்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் நினைப்பு எங்கே போகும்? நீங்கள் நினைக்கிற இடத்துக்குப் போகாது. இலக்கணப் புத்தகத்தில் 'ஜெண்டர்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போடுங்கள்!"

சிரிக்கிறீர்கள். ஒன்பது ஆண்கள், நடுவர் அவர்களே! ஒன்பது பேரின் மனசும் எந்தப் பக்கம் ஓடும் என்று எடைபோட்டது யார்? சட்டம் படித்தவரா? தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்திருந்தவர்! கின்ஸ்பர்க் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். பின்னாளில் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லியே மேடைகளில் இதை விவரித்தார். இவரா ஐயா வந்தவர் போனவர்?

படத்தில் இப்படிப்பட்டவர் எங்கே காணாமல் போகிறார், தெரியுமா? அந்த உச்ச நீதிமன்றத்துக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை. 1955-இலிருந்து வாய்மொழி வாதங்களின் ஒலிப்பதிவு உண்டு, அவ்வளவுதான். 1973-இல் கின்ஸ்பர்க் அங்கே முதன்முதலாக வாதாடிய குரல் கிடைக்கும், காட்சி கிடைக்காது. குரலுக்கு மேல் எதை வைப்பது? படத்தொகுப்பின்போது கைக்கு முதலில் வருவது நாயகியின் புகைப்படம். தட்டச்சு செய்தவரை எந்தப் பத்திரிகை படம் எடுத்தது? புகைப்படம் இல்லாதவர் கதையிலும் இல்லாமல் போகிறார். அதனால்தான் சொல்கிறோம்: படப்பிடிப்புக்கு முன்பே வழக்குக் கட்டைப் பிரியுங்கள். அதிலுள்ள பெயர்களை எழுதி வையுங்கள். ஆள் இல்லையா, காகிதத்தையே படம் பிடியுங்கள்.

எந்தக் காகிதம் என்கிறீர்களா? ரீட் வழக்கு, 1971. இறந்துபோன மகனின் சொத்தை நிர்வகிக்கத் தாய் சாலி ரீட் கேட்டார். தாயும் தகப்பனும் சமமாகக் கேட்டால் ஆணுக்கே முன்னுரிமை என்றது ஐடஹோ மாநிலச் சட்டம். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை அடித்தது. ஆண், பெண் பாகுபாட்டுக்காக அந்த நீதிமன்றம் ஒரு சட்டத்தை அரசியலமைப்பின் சமப் பாதுகாப்புப் பிரிவின்படி ரத்து செய்தது அதுவே முதல் தடவை. வாதுரையை எழுதியதில் முக்கியமானவர் கின்ஸ்பர்க். அதன் மேலட்டையைப் பாருங்கள். பாலி மர்ரி, டோரதி கென்யன் என்று இரண்டு பெண் வழக்கறிஞர்களின் பெயர்கள். இருவரும் அந்த வாதுரையில் ஒரு வரியும் எழுதவில்லை! அந்த வாதத்துக்கான யோசனை அவர்களிடமிருந்து வந்தது என்று கின்ஸ்பர்க்கே கேட்டுச் சேர்த்த பெயர்கள் அவை. எதிரணித் தலைவர் அவர்களே, குரூப் போட்டோ எடுத்தது நாங்கள் இல்லை. உங்கள் நாயகி!

அந்த மர்ரி யார்? கறுப்பினத்தவர். ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் 1944-இல் வகுப்பில் முதலிடம் பெற்றவர். மேற்படிப்புக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். பெண் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 12 வருஷம் கழித்து அதே ஹார்வர்டுக்குள் கின்ஸ்பர்க் நுழைந்தார், ஏறத்தாழ 500 பேர் படித்த வகுப்பில் ஒன்பது பெண்களில் ஒருவராக. 'ஆர்பிஜி'யை எடுத்த அதே இரு இயக்குநர்கள், 2021-இல் மர்ரிக்கென்று தனிப்படமே எடுத்தார்கள்.

கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்றத்தில் பதவியேற்றது 1993-இல். மர்ரி 1985-இலேயே கண்ணை மூடிவிட்டார். வலக்கையை உயர்த்தி அந்த உறுதிமொழி சொல்லப்பட்டதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நடுவர் அவர்களே, அந்த மேலட்டையில் மர்ரியின் பெயர் வரும் வரியில் கேமரா கொஞ்சம் நின்று போகட்டும். அவ்வளவுதான் எங்கள் அணி கேட்பது. வணக்கம்.