லண்டன் பியானோவும் ஆப்ப சோடா வயலும்: ஒரு மார்மன் அம்மாவின் 18 வருடம்

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆக்டன் என்ற ஊரில் நிற்கிறேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து வடக்கே முக்கால் மணி நேர ஓட்டம். எனக்குப் பின்னால், கிழக்குப் பக்கம் தெரிவது வாசாட்ச் மலைத்தொடர். மேற்கே கொஞ்ச தூரம் போனால் பெரிய உப்பு ஏரி. இந்த மலைக்கும் அந்த ஏரிக்கும் நடுவில் 20 ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய ஒரு லண்டன் விதவையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

அவர் பெயர் ஜீன் ரியோ பேக்கர். 1810இல் லண்டனில் பிறந்தவர். வசதியான குடும்பம். 1849இல் இவரும் கணவர் ஹென்றியும் மார்மன் சபையில் சேர்ந்தார்கள். லண்டனில் காலரா கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொண்டுபோன வருடம் அது. அதே வருடம் ஹென்றியையும் காலரா கொண்டுபோனது. கையில் சொத்து, கூடவே ஒரு வீடு நிறையப் பிள்ளைகள்.

மார்மன் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. போன இடமெல்லாம் விரட்டப்பட்டார்கள். 1844இல் இல்லினாய்ஸில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. அப்புறம் பிரிகாம் யங் தலைமையில் மேற்கே நடந்து, 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே இவர்களுடைய ஊழியக்காரர்கள் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். 1850ஐ ஒட்டிப் பார்த்தால் யூட்டாவில் இருந்ததைவிட பிரிட்டனில்தான் மார்மன்கள் அதிகம்! நூற்பாலை வேலைக்காரர்கள், சுரங்கத் தொழிலாளிகள் என்று உழைக்கும் சனம்தான் பெரும்பாலும். அவர்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்டது ஒன்றுதான்: சீயோனுக்கு (யூட்டாவைத்தான் அப்படிச் சொன்னார்கள்) வாருங்கள், அங்கே கூடி வாழ்வோம்.

நம்ம ஜீன் ரியோ அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் தனி. ஏழைகளுக்காகச் சபை ஒரு பயணக் கடன் நிதி வைத்திருந்தது. இவருக்கு அந்தக் கடன் தேவைப்படவில்லை. கப்பல் கூலி, வண்டி, எருது எல்லாமே சொந்தப் பணம். போதாக்குறைக்கு ஒரு பியானோ வேறு. ஆமாம் மக்களே, பியானோ. ஈரம் புகாமல் கட்டிக் கப்பலில் ஏற்றி, அப்புறம் மாட்டு வண்டியில் ஏற்றி, பாதி அமெரிக்காவைத் தாண்டி இழுத்து வந்தார்கள்.

1851 ஜனவரி 4ஆம் தேதி டைரியைத் தொடங்குகிறார். தெரிந்தவர்கள் எல்லோரையும் வரவழைத்து விடைபெற்றுக்கொண்டதாகவும், இனி இந்தப் பூமியில் அவர்களைப் பார்க்கப் போவதில்லை என்றும் எழுதுகிறார். அழுகை, ஒப்பாரி எதுவும் இல்லை. முடிவு செய்துவிட்டவரின் எழுத்து. நாற்பது வயது அப்போது.

லிவர்பூலிலிருந்து கப்பல். பெயர் ஜார்ஜ் டபிள்யூ. போர்ன். பாய்மரக் கப்பல்தான். கடைசிப் பையன் ஜோசையாவுக்கு நாலு வயது; உடம்புக்கு முடியாமல்தான் ஏறினான். பிப்ரவரியில், அட்லாண்டிக் நடுவில் இறந்துபோனான். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். சீயோனைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் குடும்பம் கொடுத்த முதல் விலை. இந்த இடத்தில் நான் நிறைய பேசலாம், பேச விரும்பவில்லை. அந்த அம்மாவே அதைச் சில வரிகளில்தான் எழுதியிருக்கிறார்.

நியூ ஆர்லியன்ஸில் இறங்கியதும் ஒருநாள் அடிமைச் சந்தைக்குப் போய்ப் பார்க்கிறார். பெண்களை விற்கிற பெரிய கூடம். சுற்றிலும் இருக்கைகள், அதில் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமிகளிலிருந்து முப்பது வயது வரை உட்கார்ந்திருக்கிறார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு. விற்கப்படப் போகிறவர்கள் பாடுகிறார்களே என்று இவருக்கு ஆச்சரியம். அவர்களை எப்படிப் பாட வைக்கிறார்கள் என்று இவர் விசாரித்திருக்கலாம், அது என் ஆதங்கம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை என்பது இந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அங்கிருந்து நீராவிப் படகில் மிசிசிப்பி வழியாக செயிண்ட் லூயிஸ், அப்புறம் மிசூரியில் அலெக்ஸாண்ட்ரியா. அதற்கப்புறம் தரை. லண்டனில் வளர்ந்த பையன்கள், எருதுகளோ சரியாகப் பழக்காதவை. அயோவா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும்போது வசந்தகால மழை, சேறு. மேப்பில் பார்த்தால் இந்தப் பகுதி சின்னதாகத் தெரியும். ஆனால் ஏப்ரலில் கிளம்பியவர்கள் ஜூலை பிறந்தபோதுதான் அந்தப் பக்கத்து மிசூரி ஆற்றங்கரைக்கே வந்தார்கள். உண்மையான நெடும் பயணம் அங்கேதான் ஆரம்பம்: இன்னும் 1,600 கிலோமீட்டருக்கு மேல், சமவெளியும் மலையும்.

இப்போது கொஞ்சம் கவனியுங்கள், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் ராக் என்று ஒரு பெரிய பாறை இருக்கிறது. மேற்கே போனவர்கள் எல்லாம் பெயர் செதுக்கிய பாறை. அதன் பக்கத்தில் பாதி வற்றிய சின்னச் சின்ன ஏரிகள், கரையெல்லாம் வெள்ளையாகப் படிந்த தூள். கிட்டத்தட்ட நம்ம வீட்டு ஆப்ப சோடாதான். பயணிகள் அதை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போய் ரொட்டி மாவில் கலந்தார்கள், மாவு நன்றாக உப்பியது. அதே தண்ணீரைக் குடித்த மாடுகளோ வழியெல்லாம் செத்து விழுந்தன. ஜீன் ரியோ போனதும் இதே பாதைதான். அந்த வெள்ளைத் தூளோடு அவருக்கு இன்னொரு சந்திப்பு இருந்தது, அதற்கு வருகிறேன்.

1851 செப்டம்பர் 29. சால்ட் லேக் சிட்டி. லண்டனை விட்டுக் கிளம்பி ஏறக்குறைய ஒன்பது மாதம். பியானோ வந்து சேர்ந்துவிட்டது. கொஞ்ச காலம் கழித்து இங்கே, ஆக்டன் பக்கம், 20 ஏக்கரில் விவசாயம்.

அதற்கப்புறம் டைரி நின்றுவிடுகிறது. நிற்கிறது என்றால், பதினேழு வருடத்துக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கப்பலில் மகன் செத்தபோதுகூட எழுதிய கை, வந்து சேர்ந்தபிறகு பேசவில்லை.

அந்த மௌனத்தில் வெளியே என்னென்ன நடந்தது என்று வரலாற்றில் இருக்கிறது. 1852 ஆகஸ்டில் பலதார மணத்தைச் சபை மேடையேறி வெளிப்படையாக அறிவித்தது. இங்கிலாந்தில் இருந்த சாதாரண விசுவாசிகளில் பலருக்கு அது அதிர்ச்சி. ஊழியக்காரர்கள் அதுவரை அதை மறுத்து வந்திருந்தார்கள். 1855இல் வெட்டுக்கிளியும் வறட்சியும். 1857இல் அமெரிக்க அரசு யூட்டாவுக்குப் படை அனுப்பியது. 1858 வசந்தத்தில் ஆக்டன் உட்பட வடக்கு ஊர்களே வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெற்கே போயின, ராணுவம் வந்தால் கொளுத்துவதற்கு வைக்கோலை வீட்டுக்குள் போட்டுவிட்டு.

இந்தம்மா ஏன் மனம் விட்டுப்போனார் என்று கேட்டால் எல்லோரும் பலதார மணத்தைத்தான் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 1869இல், யூட்டாவுக்கு வந்து 18 வருடம் முடிந்த அதே செப்டம்பர் 29ஆம் தேதி, திரும்பவும் பேனாவை எடுக்கும்போது அவர் முதலில் எழுதுவது என்ன தெரியுமா? நிலம். பதினெட்டு வருடம் கடும் உழைப்பு, ஓயாத ஏமாற்றம். என் 20 ஏக்கர் வெறும் சோடா மண்ணாக இருந்தது, விதைத்த விதையை அது கொன்றது. இப்படித்தான் ஆரம்பிக்கிறார்.

நம்ம ஊர் விவசாயி பார்த்த உடனே சொல்வார், களர் நிலம் என்று. காரணமும் எளிது. இந்தப் பகுதியில் ஓடுகிற ஆறு எதுவும் கடலுக்குப் போவதில்லை. மலையிலிருந்து கரைத்துக்கொண்டு வரும் உப்பெல்லாம் ஏரியிலும் தாழ்வான நிலத்திலும் தங்கிவிடும். மலையடிவார மண் அருமையாக இருக்கும். ஏரியை நோக்கிக் கீழே இறங்க இறங்க மோசம். இதில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சினால், நிலத்தடி நீர் மேலே ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பை வயல் மேலேயே விட்டுவிட்டுப் போகும். உழைக்க உழைக்க நிலம் கெடும். வடிகால் வெட்டி நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், ஜிப்சம் போட வேண்டும். 1850களில் லண்டன் அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ரொட்டியை உப்பவைத்த அந்தச் சோடா இங்கே சோற்றில் கை வைத்தது.

அப்படியே சொத்து கரைந்தது. 1864இல் எட்வர்ட் பியர்ஸ் என்பவரை மணந்துகொண்டார், வயதான காலத்தில் ஒரு துணை என்று. ஆறே மாதத்தில் அவரும் போய்விட்டார். 1869இல் இந்தப் பெண்மணி ஆக்டனில் ஒரு சின்ன மரக்கட்டை வீட்டில், துணி தைத்துப் பிழைக்கிறார்.

அந்த 1869 பக்கத்தில்தான் அந்த வரி வருகிறது. கடவுளின் வெளிப்பாடு என்று நம்பி, ஊழியக்காரர்களின் வார்த்தையை நம்பி, வீடு, சொத்து, உறவு, பிறந்த மண் எல்லாவற்றையும் விட்டுவந்தேன், எதற்காக? கையில் பிடித்ததும் உடைந்துபோன ஒரு நீர்க்குமிழிக்காக. அப்புறம் உடனே சொல்கிறார்: கடினமான பாடம்தான், ஆனால் மனிதர்களின் வார்த்தையைவிட என் பரமபிதாவை அதிகம் சாய்ந்துகொள்ள அது கற்றுக்கொடுத்தது. சபை போனது, சாமி போகவில்லை. இதைப் படித்துவிட்டு அவரை நாத்திகர் பக்கம் இழுப்பவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை, புலம்பல் என்று ஒதுக்குபவர்களையும் பிடிக்கவில்லை. கணக்கு முடித்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

அதே 1869 மே 10ஆம் தேதிதான், இங்கிருந்து வடமேற்கே பிராமண்டரி என்ற மேட்டில், கிழக்கு ரயில் பாதையும் மேற்கு ரயில் பாதையும் ஒன்று சேர்ந்தன. ஆக்டன் திடீரென்று பெரிய ரயில் சந்திப்பாகிவிட்டது. அதுவரை இங்கிருந்து கிளம்புவது என்றால் திரும்பவும் மாடு, வண்டி, பாலைவனம். இப்போது டிக்கெட் எடுத்தால் போதும். யூட்டாவை விட்டு மனதளவில் விலகியவர்கள் பலருக்கு, உடலளவில் விலக வழி கிடைத்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

மகன்களில் சிலர் ஏற்கெனவே கலிபோர்னியா போயிருந்தார்கள். அம்மாவும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். சேக்ரமெண்டோ ஆற்று முகத்துவாரப் பக்கம், ஆண்டியாக் ஊர். 1883இல் அங்கேதான் இறந்தார். மகன் வில்லியம் மட்டும் கடைசிவரை மார்மனாக யூட்டாவிலேயே இருந்தார். ஆக, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒரு கிளை முன்னோடிகளின் வாரிசு, இன்னொரு கிளை விலகிப் போனவர்களின் வாரிசு.

யூட்டாவில் ஜூலை 24 முன்னோடிகள் தினம். அரசு விடுமுறை, ஊர்வலம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. 1847க்கும் ரயில் வந்ததற்கும் நடுவில் சுமார் 70,000 பேர் இப்படி வந்தார்கள். அந்தப் பட்டியலில் ஜீன் ரியோவும் முழு முன்னோடிதான். அந்த டைரியை நீங்கள் தேடிப் படிப்பதாக இருந்தால், 1851 பகுதி நன்றாக இருக்கிறதே என்று அதோடு மூடிவிடாதீர்கள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 1869 பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.