ஏற்காட்டுப் பாதையில் ஒரு பேருந்தும் என் தைராய்டு மாத்திரையும்

வணக்கம். காற்றுச் சத்தம் இரைச்சலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மைக்குக்கு மாட்டும் பஞ்சை சேலம் அஸ்தம்பட்டி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்றைக்குக் காபித் தோட்டத்தைக் காட்டுவதாகத்தான் கிளம்பினேன். அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவில் ஏழாவதோ எட்டாவதோ, ஸ்கூட்டரைத் திருப்புகிறேன், மேலிருந்து ஒரு பேருந்து ஹாரனே இல்லாமல் மொத்த ரோட்டையும் அடைத்துக்கொண்டு இறங்குகிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. அதை அந்த நேரத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? பிரேக்கைப் பிடித்துச் சுவரோரம் ஒட்டி நின்றேன். பேருந்து போய்விட்டது. ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது கையைப் பாருங்கள். கேமராவை நான் ஆட்டவில்லை, கைதான் ஆடுகிறது. ஆபத்து போய் இரண்டு நிமிஷம் ஆகிறது, உடம்புக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போல.

பிரேக் பிடித்தது அட்ரினலின் என்று நினைக்காதீர்கள். அட்ரினலின் ஒரு ஹார்மோன், அதாவது ரத்தத்தில் தகவல் கொண்டுபோகும் ரசாயனம். பிரேக் பிடித்தது அதில்லை. நரம்பின் வேலை. கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் மடங்க ஒரு நொடிகூட ஆகாது. அதே நேரத்தில் நரம்பு வழியாகவே அட்ரினல் சுரப்பிகளுக்கும் தகவல் போயிருக்கிறது. இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கும், எடை நாலைந்து கிராம்தான். அவற்றின் உள்பகுதி அட்ரினலினை ரத்தத்தில் கொட்டியது. கொட்டியதைத் திரும்ப அள்ள முடியாது, கரைந்து தீரும்வரை இப்படி நடுங்க வேண்டியதுதான். நல்லவேளை, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்துவிடும்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறீர்களா? "ஈரோடு, ஈரோடு, ஈரோடே" என்று ஒருவர் கத்துவார். எல்லார் காதிலும் விழும். பையைத் தூக்குவது ஈரோட்டுக்குப் போகிறவர் மட்டும்தான். ரத்தத்தில் போகிற ஹார்மோனும் இப்படித்தான் எல்லாப் பக்கமும் போகும். எந்த செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறதோ, அது மட்டும் எழுந்திருக்கும். எழுந்ததெல்லாம் ஒரே வேலையைச் செய்வதும் இல்லை. அட்ரினலின் வந்ததும் இதயம் வேகமெடுக்கிறது, மூச்சுக்குழாய் விரிகிறது, கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. குடல் மட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை நிறுத்திவைக்கிறது.

நரம்பே இல்லாமல் ரத்தத்தில் தகவல் போகும் என்பதைத் தெளிவாகக் காட்டியது லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள், 1902-இல். ஒரு நாயின் குடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதில் அமிலம் விட்டார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. 1905-இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லைக் கொண்டுவந்தார், 'கிளப்பிவிடுவது' என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து.

கை நின்றுவிட்டது, பாருங்கள். வண்டியை எடுக்கிறேன், மீதியை மேலே போய்ப் பேசலாம்.

சரி, வந்தாயிற்று. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. இப்போது மாத்திரைக் கதை.

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு, தினமும் ஒரு மாத்திரை. போன வருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் டப்பாவை விட்டுவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் போடவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அடடே, குணமாகிவிட்டது என்று நானே டாக்டராகி நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, மே மாதச் சேலத்து வெயிலில், வீட்டில் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் இடம் பிடிக்கிறார்கள், நான் ஃபேனை நிறுத்தச் சொல்கிறேன். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 18. பெரியவர்களுக்குப் பொதுவாக 4, 4½ வரைதான் இருக்க வேண்டும்.

அத்தை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ, தைராய்டு கூடிப்போச்சே" என்றார்கள். நேர்மாறு, அத்தை! டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்துப் போடும் சத்தம் அது. பள்ளிக்கூட நாளில் அம்மா எழுப்புவது மாதிரி. முதலில் "கண்ணு, எழுந்திரு". எழுந்துவிட்டால் அத்தோடு சரி. எழுந்திருக்காவிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். 18 என்றால் தெருக்கோடி.

சத்தம் விடாமல் போனால் சுரப்பியே வீங்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் தைராக்சின், அதைச் செய்ய அயோடின் வேண்டும். ஒவ்வொரு மூலக்கூறிலும் நாலு அயோடின் அணு. சாப்பாட்டில் அயோடின் இல்லாத ஊரில், பிட்யூட்டரி கத்தக் கத்த, சரக்கில்லாத தைராய்டு பெருத்துக்கொண்டே போகும். கழுத்தில் கழலை. இமயமலை அடிவாரத்தில் அது ஊருக்கு ஊர் இருந்தது. காங்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமி குழுவினர் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், சில வருஷங்களில் கழலை நன்றாகக் குறைந்தது. உங்கள் உப்புப் பாக்கெட்டில் அயோடின் என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் அந்த ஆய்வும் இருக்கிறது.

அந்தப் பத்து நாள் என்னை ஏன் ஏமாற்றியது? என் மாத்திரையில் இருப்பதும் தைராக்சின்தான். அது ரத்தத்தில் புரதங்களைப் பிடித்துக்கொண்டே சுற்றுகிறது. பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். வேலை செய்யும் விதமும் வேறு. அட்ரினலின் செல்லின் வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும். தைராய்டு ஹார்மோன் வீட்டுக்குள் நுழைந்து, உட்கரு வரைக்கும் போய், எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்பதையே மாற்றும். அதனால் ஏறுவதும் மெதுவாக, இறங்குவதும் மெதுவாக. டோஸை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் டாக்டர் மறுபடி ரத்தம் பார்க்கச் சொல்கிறார், காரணம் இதுதான். டி.எஸ்.எச். சரியாக வந்துவிட்டதே என்று நிறுத்தவும் கூடாது, மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது. நிறுத்துவதா குறைப்பதா என்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள், நான் பட்டது போதும்.

இன்னொன்று, காபி. மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். கையோடு காபி குடித்தால் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் விட வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நாலு மணி நேரம். காபி விளையும் மலைக்கு வந்து இதைச் சொல்கிறேன், தோட்டத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்கார அக்கா ரொம்ப நேரமாக என்னையே பார்க்கிறார். மணி ஏழே கால். மாத்திரை போட்டது ஆறு மணிக்கு. அக்கா, ஒரு காபி. சர்க்கரை கம்மியா.