கை குலுக்கச் சொல்வதற்கு முன்

வணக்கம் நேயர்களே. முப்பது ஆண்டுகளாகக் கோலாலம்பூரில் பழைய கிள்ளான் சாலைப் பக்கம்தான் எனக்கு வீடு. இளைஞர்களின் அடிதடி இனத் தகராறாக மாறிய பிறகு அக்கம்பக்கத்தார் எப்படி மறுபடி பேசிக்கொள்வது என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

2001 மார்ச்சில் பக்கத்துக் கம்போங் மேடானில் நடந்த இனக் கலவரத்தை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. ஒரு மலாய்க்காரர் வீட்டில் கல்யாணம், பக்கத்திலேயே ஓர் இந்தியர் வீட்டில் இழவு. அங்கேதான் தகராறு தொடங்கியது என்று அன்று செய்திகள் வந்தன. சில நாள்களுக்குள் 6 உயிர்கள் போயின. பெரும்பாலோர் நம்மவர்கள். இரண்டு பக்கமும் ஏழைக் குடும்பங்கள், ஒரே நெருக்கடி. 2015 ஜூலையில் புக்கிட் பிந்தாங் லோ யாட் கடைத்தொகுதியில் ஒரு கைப்பேசித் திருட்டு விவகாரம் மறுநாளே இனக் கைகலப்பானது. காரணம் சின்னது. வதந்திதான் அதை ஊதிவிட்டது.

சரி, அடங்கிய பிறகு? மேடை, விருந்து, கைகுலுக்கல். அதுவும் வேண்டும்தான். ஆனால் அடிபட்டவன் வீட்டில் பேசவேண்டியது அப்படியே தங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடி புட்சால் திடலில் சண்டை. நம் பையன் ஒருவனுக்குக் கையில் பதினொரு தையல். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பின் மண்டபத்தில் கூடினோம். 1975-இல் அது தொடங்கியபோது முக்கிய வேலை இரவு ரோந்து. எங்களுக்கு அன்று தேவைப்பட்டது உட்கார்ந்து பேச ஓர் இடம். முதல் கூட்டம் வெறும் கூச்சல். யார் ஆரம்பித்தது, யார் எந்த வார்த்தையால் திட்டியது, அதிலேயே இரண்டு மணி நேரம் போயிற்று. போலீஸ் புகாரை மீட்டுக்கொண்டால் சமாதானம் என்றார் ஒருவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கு அதன் வழியில் போகட்டும், பேச்சு இங்கே நடக்கட்டும் என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த முறை தாய்மார்களை மட்டும் அழைத்தோம். அடித்த பையனின் அம்மா வாசலிலேயே நின்று, "அக்கா, தம்பியின் கை எப்படி இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். அடிபட்ட பையனின் அம்மா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொல்ல ஆரம்பித்தார்: எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வுக்கு அவனால் பேனா பிடிக்க முடியாதது, தூக்கத்தில் அலறுவது, லிப்டில் மலாய்ப் பையன்கள் இருந்தால் படியேறி வருவது. யாரும் குறுக்கே பேசவில்லை. எதிரே இருந்தவர் தூடோங் முக்காட்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் மகனும் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்றார். அன்று யாரையும் மன்னிக்கச் சொல்லவில்லை. பையன்களைக் கை குலுக்கவும் சொல்லவில்லை. முதலில் அந்த வலியைக் கேட்க ஆள் வேண்டும். கேட்காமல் மன்னிக்கச் சொன்னால் அது இன்னோர் அடி.

அடிபட்ட பையன் இன்னும் திடல் பக்கம் போவதில்லை. அவன் அம்மா மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறார். அடுத்தது வரும் ஞாயிறு, மாலை 5 மணி. இருட்டியதும் இரண்டு அம்மாக்களும் ஒரே லிப்டில்தான் மேலே போவார்கள்.