சீட்டு இருக்கட்டும், நிலம் யார் பேர்ல? – ருவாண்டா பத்தி ஒரு கேள்வி

வணக்கம். போன வாரம் ஆப்பிரிக்காவுல இருக்குற ருவாண்டா பத்தி பேசினத பாத்துட்டு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, "சார், சண்டை முடிஞ்ச நாட்டுல பார்லிமென்ட்ல பொம்பளைங்களுக்கு சீட்டு குடுத்துட்டா நாடு நிமிர்ந்துருமா"ன்னு. இத வீட்ல படிச்சு காட்டுனேன். தோசை ஊத்திக்கிட்டே எங்க வீட்டம்மா, "சீட்டு கெடக்கட்டும், அங்க நிலம் யார் பேர்ல இருக்கு"ன்னாங்க. மூணு நாளா அதுதான் மண்டைக்குள்ள ஓடுது.

சீட்டு கதை உங்களுக்கு தெரியும். 2003 அரசியல் சட்டத்துல பொம்பளைங்களுக்கு குறைஞ்சது 30 சதவீதம் கட்டாயம்னு வச்சாங்க, 2008 தேர்தல்ல 80 பேர்ல 45 பேர் பொம்பளைங்க, ஆம்பளைங்கள விட அதிகமா வந்தது உலகத்துலயே அதுதான் மொத தடவ. சரி, நல்ல விஷயம். ஆனா அந்த பார்லிமென்ட் அரசாங்கத்த எதிர்த்து எவ்வளவு பேச முடியுதுன்னா, அது வேற கதை, அங்க கை தூக்குறது ஈசி, கை தூக்காம இருக்குறதுதான் கஷ்டம்.

இப்ப 1994க்கு வாங்க, துட்சி இன மக்கள குறி வச்சு நடந்த இனப்படுகொலை. 100 நாள்ல சுமார் 8 லட்சம் பேர் செத்தாங்க, அப்புறம் கொன்னதா பிடிச்சு ஜெயில்ல போட்டவங்க ஒரு லட்சத்துக்கு மேல, எல்லை தாண்டி ஓடுனவங்க தனி. ஊர்ல மிச்சம் இருந்தது யாரு? விதவைங்க, அநாதைப் பொண்ணுங்க. மண்வெட்டி இருக்கு, நிலமும் இருக்கு, ஆனா பழைய வழக்கப்படி அப்பன் நிலம் பொண்ணுக்கு வராது, புருஷன் செத்தா புருஷன் வீட்டாளுங்க வந்து நிப்பாங்க. 1999ல தான் மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு சட்டம் வந்துச்சு. கவனிங்க, அந்த 30 சதவீத கோட்டா வர்றதுக்கு நாலு வருஷம் முன்னாடி! அப்ப சபையில கொஞ்ச பேரா இருந்த பெண் உறுப்பினருங்க கட்சி பாக்காம ஒண்ணா நின்னு தள்ளுனது அது.

எத்தன பேரு உக்காந்தாங்கங்கறத விட உக்காந்தவங்க என்ன கேட்டாங்கங்கறது முக்கியம்னு நான் எப்பவும் சொல்றதுதான். இந்த இனப்படுகொலைய விசாரிக்க ஐ.நா. தான்சானியாவுல வச்ச அருஷா கோர்ட்ட எடுத்துக்கோங்க, ருவாண்டாவுல டாபா ஊர் மேயரா இருந்த அக்கயேசு கேஸ். மொதல்ல குற்றப்பத்திரிகையில பாலியல் வன்கொடுமையே கிடையாது. சாட்சி சொல்ல வந்த ஒரு அம்மா பேச்சுவாக்குல தன்னோட 6 வயசு பொண்ணுக்கு நடந்தத சொல்றாங்க. மூணு ஜட்ஜுல ஒரே பெண் நவி பிள்ளை, தென்னாப்பிரிக்கா டர்பன்ல பஸ் டிரைவர் பொண்ணா பொறந்த நம்ம தமிழ் வம்சாவளி, மேல மேல கேள்வி கேக்குறாங்க. 97ல வழக்கு தொடுத்த தரப்பு அதையும் சேத்து குற்றப்பத்திரிகைய திருத்துனாங்க, 98 செப்டம்பர்ல, வன்கொடுமையும் இனப்படுகொலை குற்றமேன்னு உலகத்துலயே மொத தீர்ப்பு. ஒரு ஆள், ஒரு நாற்காலி, அவ்வளவுதான்!

சரி, எங்க வீட்டம்மா கேள்வி. அப்புறமா நாடு பூரா நிலத்த அளந்து ஒரு கோடி துண்டுக்கு பட்டா மாதிரி ஒண்ணு குடுத்தாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் போட்டு. ஆனா முறைப்படி ரிஜிஸ்டர் பண்ண கல்யாணத்துக்குத்தான் அந்த பாதுகாப்பு. ரிஜிஸ்டர் பண்ணாம சேந்து வாழ்ந்து புள்ள பெத்தவங்க, ரெண்டாவது பொண்டாட்டின்னு இருந்தவங்க, இவங்க பல பேரு பேரு பேப்பர்ல ஏறவே இல்ல.

இத வீட்ல சொன்னேன். "அப்ப நம்ம வீட்டு பத்திரத்துல ஏன் உங்க பேர் மட்டும் இருக்கு"ன்னாங்க. அடுத்த கேள்விக்கு போலாமா...