சரிவு தேடிய வானியலாளர்

(திருகோணமலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அதிபர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கோவிந்த் சுவரூப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். 1929இல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்து, 2020இல் மறைந்த வானொலி வானியலாளர், அதாவது விண்பொருட்களிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்பவர். அவர் வாங்கிய விருதுகளை வாசித்து உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. ஒரு மலைச்சரிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முகில் இல்லாத இரவில் நிலாவெளிக் கரையில் நின்று வடக்கே பாருங்கள். துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே நிற்கும். கையை நீட்டி, பொத்திய முட்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அதற்குள்ளேயே மறைந்துவிடும். நமது ஊர் ஏறத்தாழ 8.5 பாகை அகலக்கோட்டில் இருக்கிறது. அந்த நட்சத்திரத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதுவே. பூமியின் சுழற்சி அச்சு நீண்டு போகும் திசை அது.

ஊட்டியில் இந்தக் கணக்கு 11 பாகை. வடக்கு நோக்கி அதே 11 பாகையில் ஏறுகிற மலை ஒன்று சுவரூப்புக்கு வேண்டியிருந்தது. ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில் அது அகப்பட்டது. கூரைப் பீலி மாதிரி வளைந்த அன்ரனா ஒன்றை அந்தச் சரிவில் கிடத்தினார்கள். நீளம் 530 மீற்றர், அகலம் 30 மீற்றர். சரிவே பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டதால், ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். ஒரு வானப் பொருளை 9 மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். பாதி வேலையை மலை செய்துவிட்டது.

அதன் பரப்பில் தகடும் கிடையாது. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய, துருப்பிடிக்காத 1100 மெல்லிய கம்பிகள்தான். வந்து விழும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்றிமீற்றர். கம்பிகளுக்கு இடையிலோ மூன்று சென்றிமீற்றர் அளவுதான். அந்த அலைக்கு இப்படியொரு இடைவெளி இருப்பதே தெரியாது. காற்று மட்டும் ஊடே போய்விடும். எடையும் குறைவு, செலவும் குறைவு.

இந்த மனிதர் இதற்கு முன்னர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அலகாபாத்தில் படித்தார். பௌதிகவியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், ஆம், தமிழ்நாட்டு வத்திராயிருப்புக்காரர், சுவரூப்பை 1953இல் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அங்கே கழித்துவிட இருந்த 32 சிறு கிண்ண அன்ரனாக்களைச் சுவரூப் இந்தியாவுக்குக் கேட்டு வாங்கினார். கப்பல் கூலியை யார் கொடுப்பது என்ற இழுபறியில் அவை வந்துசேரக் காலம் ஓடிற்று. அவர் அமெரிக்கா போய் ஸ்டான்போர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியாவில் வானொலி வானியலைத் தொடங்க வேண்டுமென 1961இல் அவரும் மூன்று நண்பர்களும் எழுதிய கடிதத்துக்கு அணு விஞ்ஞானி ஹோமி பாபா இணங்க, 1963இல் நாடு திரும்பி டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தில் சேர்ந்தார்.

1970இல் ஊட்டி அன்ரனா வேலை செய்யத் தொடங்கியதும் அவர் பிடித்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. வானொலி அலையை வெளிவிடும் தூர விண்பொருள் ஒன்றின், அதாவது வானொலி மூலமொன்றின், அளவை எப்படி அளப்பது? சந்திரன் அதை மறைக்கும்வரை காத்திருந்தார். சந்திரன் வானில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ அரை விகலைதான் நகரும்; விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. அதன் விளிம்பு மூலத்தை மூடும்போது சைகை எப்படித் தேய்கிறது என்று பதிந்தால் மூலத்தின் அளவு வந்துவிடும். பல நூறு மூலங்களை இப்படி அளந்தார்கள். மங்கலானவை, அதாவது பெரும்பாலும் தொலைவிலுள்ளவை, அளவிலும் சிறியனவாகவே இருந்தன. தொலைவைப் பார்ப்பது பழங்காலத்தைப் பார்ப்பது; ஆகவே பிரபஞ்சம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கைக்கு இது ஒத்துவரவில்லை. பெருவெடிப்புப் பக்கம் தராசு சாய இதுவும் உதவியது.

பிறகு புனேக்கு வடக்கே 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் எழுந்தன. அங்கேயும் தகடு இல்லை, கம்பி வலைதான்! பட்டப்படிப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்றும் சளைக்காமல் வாதாடினார். ஐசர் எனப்படும் இந்திய விஞ்ஞானக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் பிறந்ததில் அவருக்கும் பங்குண்டு.

ஊட்டி அன்ரனா சூரியக் காற்றை ஆராயவும் பயன்பட்டு வருகிறது. இங்கிருந்து சுற்றுலா போகிறவர்கள் பூங்காவையும் சிறிய ரயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் முத்தொரைக்கு வழி கேளுங்கள். இனி உங்கள் கேள்விகள். பின்வரிசையில் கை தூக்கிய தங்கச்சி முதலில் கேட்கட்டும்.