விதைப்பதற்கு முன்பே ஒரு வாக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரியில் படகு விட்டு, காட்சி முனையில் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம். அதற்கும் அப்பால், சேர்வராயன் மலை ஊர்களில் மலையாளி என்று அழைக்கப்படும், தமிழ் பேசும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். நகரத்தில் பலருக்கு இது தெரியாது. எனக்கும் வெகு காலம் தெரியாது.

முதன்முறை போனபோது ஒரு பாட்டி பாறைக் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைச் சற்றே சாய்த்து இரண்டு தட்டு தட்டினார். உமி காற்றோடு போயிற்று. பொடிக்கல் ஓரத்தில் தனியே ஒதுங்கி நின்றது. உரலில் குத்திப் புடைப்பதெல்லாம் வீட்டுச் சோற்றுக்குத்தான். விற்பதற்கு உமியோடு மூட்டையாகவே போட்டுவிடுகிறார்கள். சாமை மணி மிகச் சிறியது. நெல் அரைக்கும் மில்லில் அது சரிப்படாது, தனி இயந்திரம் வேண்டும். இயந்திரம் யாரிடம் இருக்கிறதோ, விலையும் அவர் கையில் இருக்கிறது.

உழவர் சந்தை இல்லையா என்று கேட்பீர்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நான் மனதாரப் போற்றுகிறேன். சேலம் சூரமங்கலம் உழவர் சந்தையில் இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே தராசு பிடிப்பதைப் பார்ப்பது எனக்குப் பெருமை. ஆனால் அது விடியற்காலைச் சந்தை. மலைக் கிராமத்துக்காரர் முதல் பஸ்ஸில் இறங்கி வருவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

அதனால் எங்கள் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து, அந்த ஊரிலிருந்து நேராகச் சாமை வாங்குவதென்று முடிவு செய்தோம். விலை பேசப் போனோம். பாட்டி விலையைக் கேட்கவில்லை.

“மழை பொய்த்துவிட்டால் என்ன செய்வாய் கண்ணு? அப்போதும் வருவாயா?”

எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து மொட்டை மாடியில் இரண்டு மாலை விவாதித்தோம். விளையாத தானியத்துக்கு எதற்குப் பணம் என்று ஒருவர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் மழை பொய்த்தால் நஷ்டம் முழுவதையும் மலைக்காரர் மட்டுமே சுமக்க வேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும்? விதைக்கும்போதே மூன்றில் ஒரு பங்கு பணம் கொடுத்துவிடுவது, விளையாவிட்டால் திருப்பிக் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. இரண்டு குடும்பங்கள் விலகிக்கொண்டன. அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை.

மூன்றாம் ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுக்குப் பாதி அளவுதான் கிடைத்தது. யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பலாப்பழக் காலம் வந்ததும், யாரும் சொல்லாமலே மலையிலிருந்து ஒரு வண்டிப் பழம் வந்து இறங்கியது.

உமி நீக்கும் இயந்திரத்தை அந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவும் நாங்களும் சேர்ந்து வாங்கினோம். அது மலையில்தான் இருக்கிறது. இப்போது சாமை அரிசியாகவே இறங்குகிறது. தவிடு அங்கேயே மாட்டுக்கு ஆகிறது. கூலி வேலை செய்யும் எங்கள் தெருக் குடும்பங்களுக்குக் குறைந்த விலை. வசதியுள்ளவர்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அதை ஈடுகட்டுகிறார்கள். நியாய விலை என்றால் வாங்குகிறவருக்கும் நியாயமாக இருக்க வேண்டுமல்லவா?

வைகாசியில் நோட்டைத் திறந்து, எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று எழுதத் தொடங்குகிறோம். நீங்களும் உங்கள் தெருவில் பத்து வீட்டாரோடு பேசிப் பாருங்கள். பிறகு மலைக்குப் போங்கள். பாட்டி எங்களிடம் கேட்டதைத்தான் உங்களிடமும் கேட்பார்கள். பதிலை முடிவு செய்துகொண்டு பஸ் ஏறுங்கள்.

வணக்கம்.