வரப்பில் நின்று பிரித்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கோயில் பொட்டலில் துண்டை விரித்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம்.

'ஒரு விவசாயி தன் சொத்தைப் பிள்ளைகளுக்கு உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுப்பதா, உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போவதா?' இதுதான் தலைப்பு. உயிரோடு இருக்கும்போதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "சாவிக்கொத்து இடுப்பில் இருக்கும்வரைதான் அப்பனுக்குச் சுடுசோறு, பத்திரம் கைமாறினால் பழைய சோறு" என்றார். பலத்த கைதட்டல். தட்டியவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்ததையும் பார்த்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன். ஆனால், எட்டு நிமிடம் பேசியவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே!

உயிலில் என்ன எழுதுவார்கள்? இன்ன சர்வே எண்ணில் இத்தனை ஏக்கர், இத்தனை சென்ட், இதற்கு நான்கு பக்க எல்லை, கிணற்றிலும் பம்புசெட்டிலும் மூன்றில் ஒரு பாகம். காகிதத்தில் ஓர் ஏக்கரும் இன்னோர் ஏக்கரும் ஒன்றுதான். நம் சீமையில் ஒன்றா? நம்முடையது கண்மாய்ப் பாசனம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை எவ்வளவு தேங்குகிறதோ, அதை வைத்துத்தான் கதிரைக் கரையேற்ற வேண்டும். மடையடி வயலுக்கு முதல் தண்ணீர். கடைமடைக்கு மிச்சம் மீதி. மடையடியில் ஓர் ஏக்கர் வைத்திருப்பவன் நெல் மூட்டை கட்டும்போது, கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவன் சாவியை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருப்பான். நண்பர் சொன்ன சாவி இடுப்பில் தொங்குவது. நான் சொல்லும் சாவி பால் பிடிக்காமல் பதராய்ப் போன பயிர். உயிலை நம்பினால் ஒரு பிள்ளைக்கு அந்தச் சாவியும் இல்லை, இந்தச் சாவிதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். அய்யாவுக்கு நாலரை ஏக்கர். பிள்ளைகள் மூன்று பேர்: ஊரிலேயே உழுகிற அண்ணன், நான், சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தம்பி. பிரிக்கலாம் என்று பேச்சு வந்ததும் தம்பி போனில், "நீங்கள் பார்த்துச் செய்யுங்கள் அய்யா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றான். அய்யா ஒப்பவில்லை. "நீ பொங்கலுக்கு வா. வந்தால்தான் நிலத்தை அளக்கக் கயிறு பிடிப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மூன்று பேரையும் வரப்பில் நடத்திக் கூட்டிப்போனார். மடையடியில் ஒரு பங்கு, 100 சென்ட். நடுவயல் 120. கடைமடை 170. மிச்சம் 60 சென்டைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டார். அளவு வேறு வேறாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். "தண்ணீரை அளந்திருக்கிறேன், மண்ணை அளக்கவில்லை" என்றார். நடுவயலின் வடகிழக்கு மூலையில் நின்று குதிகாலால் அழுத்திக் காட்டினார். "மார்கழியில் இங்கே ஊற்றுக் கசியும். டிராக்டரை இறக்கினால் புதைந்துவிடும், மண்வெட்டிதான்." அந்த மூலை எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? சிட்டாவில் வருமா?

அய்யா பிரித்தார், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தம்பி பெரிய துண்டாகப் பார்த்துக் கடைமடையைக் கேட்டான். "இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொல்" என்றார் அய்யா. அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் நடுவயலுக்கு மாறினான். கிணறு கடைமடையில் இருப்பதால் உழுகிற அண்ணன் அதை விரும்பியே எடுத்துக்கொண்டார். மடையடி எனக்கு. நடுவர் அவர்களே, எந்த உயிலாவது பிள்ளையைப் பார்த்து 'இரண்டு நாள் யோசி' என்று சொல்லுமா?

எதிரணி அம்மையார் தசரதனை இழுத்தார். உயிரோடு இருக்கும்போதே பட்டம் கட்டப் போய்த்தானே உயிரே போயிற்று என்றார். கம்பனுக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஊரில் இந்த வாதத்தை வைக்கத் துணிச்சல் வேண்டும். காதோரம் நரை கண்டதும் பொறுப்பைக் கைமாற்ற நினைத்தானே, அதில் தசரதன் மேல் குற்றமே இல்லை. ஒரு பிள்ளை கேகயத்தில் தாத்தா வீட்டில் இருக்கும்போது இன்னொரு பிள்ளைக்கு நாள் குறித்தான். கைகேயிக்குச் செய்தி கூனி வாயால் போய்ச் சேர்ந்தது. பரதனைக் கூப்பிட்டுச் சபையில் உட்கார வைத்திருந்தால், 'எனக்கு வேண்டாம், அண்ணனுக்கே' என்று அவனே சொல்லியிருப்பான். கூனிக்கு அங்கே என்ன வேலை இருந்திருக்கும்? எங்கள் அய்யா கம்பனைப் படித்தவர் இல்லை. ஆனாலும் சிங்கப்பூர்ப் பரதன் வரும்வரை கயிற்றைத் தொடவில்லை.

பிரித்தால் நிலம் துண்டு துண்டாகிவிடும் என்றும் சொன்னார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின், அதாவது ஒருவர் கையில் சாகுபடியில் இருக்கும் நிலத்தின், சராசரி அளவு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. வருத்தப்பட வேண்டியதுதான். ஆனால், செத்த பிறகு பிரித்தால் மட்டும் நிலம் ரப்பராய் நீளுமா?

பிரிக்காமல் விட்டது என்ன ஆகும் என்று பார்க்க நாம் வெளியூர் போக வேண்டாம். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லுமாய் எழுந்த நகரத்தார்களின் பெரிய வளவு வீடுகளில் எத்தனை இன்று பூட்டிக் கிடக்கின்றன! பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். இப்படி நின்றுபோன வீடுகளின் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாய் விலைக்கு நிற்கின்றன. அதே நகரத்தார் வீடுகளில்தான் 'வேறு வைத்தல்' என்ற அழகான வழக்கமும் இருந்தது. மகனுக்குக் கல்யாணமானதும் அதே கூரையின் கீழ் தனி அடுப்பு. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கணக்கோடு கொடுப்பார்கள். அந்தக் குடும்பம் தனிப் புள்ளி, அதாவது தனிக் கணக்கு. வாசல் ஒன்று, விசேஷம் ஒன்று, உலை மட்டும் வேறு. அப்பனும் ஆத்தாளும் கண்ணெதிரே இருந்து பிரித்து வைத்ததால் அது சண்டையாகவில்லை, சடங்காயிற்று.

இப்போது பெண்பிள்ளைக்கு வருகிறேன். 'சீர் செய்தாயிற்றே, இன்னும் என்ன?' என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. 1989-லேயே தமிழ்நாடு சட்டத் திருத்தம், அப்போது கல்யாணம் ஆகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனோடு சமபங்கு கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டம் சரி, வீட்டில் நடப்பது என்ன? கருமாதிப் பந்தியில் இலை எடுப்பதற்குள், பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லும் விடுதலைப் பத்திரம் வந்துவிடும். "இந்த இடத்தில் ஒரு கையெழுத்து அக்கா." அழுது வீங்கிய கண்ணோடு எதைப் படிப்பது? போட்டால் பங்கு போயிற்று, போடாவிட்டால் பிறந்த வீடு போயிற்று. அய்யா உயிரோடு நின்று, "மடையடி உனக்கு" என்று அண்ணன் தம்பி எதிரில் சொன்னதால் எனக்கு அந்தச் சங்கடம் வரவில்லை. இன்று என் வயலையும் அண்ணன்தான், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு உழுகிறார். உயிலில் எழுதலாமே என்பீர்கள். பூர்வீகச் சொத்தில் தன் பாகத்துக்கு மட்டும்தான் அவர் உயில் எழுத முடியும். அதற்கும் இரண்டு சாட்சி வேண்டும். வழக்கு என்று வந்தால் சாட்சி கூண்டேற வேண்டும். அதற்குள் சாட்சியும் போய்ச் சேர்ந்திருந்தால்?

சரி, பழைய சோற்றுக்கு வருகிறேன். கொடுத்தபின் கைவிட்ட பிள்ளைகள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அதற்காகத்தான் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்குப் போய் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். ஆகவே நிபந்தனையை வாய்மொழியாக விடாமல் பத்திரத்தில் எழுதுங்கள். குடியிருக்கும் வீட்டில் அப்பன், ஆத்தாள் இருவரின் ஆயுள்வரைக்கும் அனுபவ பாத்தியத்தை எழுதுங்கள். எல்லாவற்றையும் கொடு என்று எங்கள் அணி சொல்லவே இல்லை. அந்த 60 சென்டை எதற்கு நிறுத்தினீர்கள் என்று அண்ணி கேட்டபோது அய்யா சிரித்தார். "உங்கள் வீட்டுக்கு நான் விருந்தாளியாக வர வேண்டாமா?"

போன அறுவடையில் அந்த 60 சென்டு நெல்லைக் குத்தி, ஒரு சிப்பம் அரிசியைப் பஸ்ஸில் ஏற்றி எனக்கு அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு துணிப்பை, அதில் தம்பி வீட்டுக்கு என்று தனியாக உளுந்து. பழைய சோறு யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று எதிரணி நண்பர்தான் சொல்ல வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு விண்ணப்பம், நடுவர் அவர்களே. தீர்ப்பை உயில்போல் உறையில் போட்டு ஒட்டிவிடாதீர்கள். இரண்டு அணியும் மேடையில் இருக்கும்போதே, முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.